ஏரி வீட்டுக்கு ஒரு சரி

மிஸ்கோ பே, மிச்சிகன்
செப்டம்பர் 12, 2014

அன்புத் தம்பி ரெய்னோவுக்கு,

நான் நலம். முழங்கால் மட்டும் நலமில்லை. அது என்னுடையதுதான் என்று நான் இப்போதெல்லாம் ஒப்புக்கொள்வதில்லை. நீயும் டொலோரெஸும் சௌக்கியமா? உங்கள் ஊர் வெயில் இன்னும் ஆளைப் பொரிக்கிறதா?

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் இரண்டு பேரும் போனில் பேசினால் நாலாவது நிமிடம் சண்டை. முக்கியமான விஷயம் என்றால் தபாலில்தான் என்று டொலோரெஸ் போட்ட உத்தரவு நல்ல உத்தரவு. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு எழுபத்தெட்டு முடிந்துவிட்டது. வக்கீலிடம் போய் உயில் எழுதப் போகிறேன். நான் குடியிருக்கும் இந்த வீடு என் வீட்டுக்காரர் ஆர்வோவின் தங்கை பிள்ளைகளுக்கு. அது அவர்கள் மாமா கட்டியது, அதில் பேச்சே இல்லை. ஹெரான் ஏரிக்கரையில் இருக்கும் அப்பாவின் வீட்டை, என் காலத்துக்குப் பிறகு, நம்ம ஊர்ப் பொது வானொலிக்கு எழுதிவைக்க ஆசைப்படுகிறேன். அவர்கள் அதை விற்று வானொலியை நடத்திக்கொள்ளட்டும்.

கோபப்படு. ஆனால் உட்கார்ந்துகொண்டு கோபப்படு, உனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது.

நீ அரிசோனாவுக்குக் குடிபோன வருஷமே அந்த வீட்டில் உன் பங்கை என் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாய். "பனியும் வேணாம், படகும் வேணாம், நீயே வெச்சுக்கோ" என்று சொன்னாய். சட்டப்படி உன்னைக் கேட்கத் தேவையில்லை என்று வக்கீலும் சொல்கிறார். ஆனால் அந்த வீட்டுக்கு அப்பாவோடு உத்தரம் தூக்கியவன் நீ. அப்போது உனக்குப் பதிமூன்று வயது. உன் வாயால் சரி என்று வராமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

டொலோரெஸைக் கேட்டதாகச் சொல். பதில் போடு.

உன் அக்கா
ஐலி


மேசா, அரிசோனா
செப்டம்பர் 25

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நிழலில் நூற்றாறு டிகிரி. உட்கார்ந்துகொண்டுதான் கோபப்பட்டேன், டொலோரெஸ் சாட்சி.

போனாக இருந்தால் உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா என்று கேட்டிருப்பேன். கடிதம் என்பதால் மரியாதையாகக் கேட்கிறேன்: உன் புத்தி எப்படி இருக்கிறது?

அப்பா கட்டிய வீட்டை ஒரு பேசும் பெட்டிக்குக் கொடுப்பதா? வருஷத்துக்கு இரண்டு தடவை பாட்டை நிறுத்திவிட்டு ஒரு வாரம் முழுக்க "போன் பண்ணுங்க, உதவி பண்ணுங்க" என்று கெஞ்சுகிறவர்கள்தானே அவர்கள்? பணம் கொடுத்தால் ஒரு காப்பிக் கோப்பை அனுப்புவார்களே, அவர்கள்தானே? ஏரி வீட்டுக்கு எத்தனை கோப்பை தருவார்கள் என்று முதலிலேயே பேசிக்கொள். உன் அலமாரி தாங்காது.

அந்த வீடு குடும்பத்தில் இருக்க வேண்டும். என் மகன் டேல் இருக்கிறான். அவனுக்கு அங்கே வந்துபோக ஒரு இடம் வேண்டாமா?

நான் அந்த வானொலியைக் கேட்பதே இல்லை. இங்கே பாலைவனத்தில் உட்கார்ந்து மிஸ்கோ பேயில் யார் வீட்டுப் பூனை காணோம் என்று தெரிந்துகொண்டு நான் என்ன செய்ய?

என் பதில்: முடியாது.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. டொலோரெஸ் அன்பைச் சொல்லச் சொன்னாள். அது அவளுடைய அன்பு. என்னுடையது இந்த வாரம் கைவசம் இல்லை.

ரெய்னோ


மிஸ்கோ பே
அக்டோபர் 6

கோபக்காரத் தம்பிக்கு,

உன் கடிதம் சுடச்சுட வந்தது. தபால்காரர் கை பொசுங்கியிருக்கும். ஒத்தடம் கொடுத்தேன், தேவலை. உன் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று எழுது.

டேலைப் பற்றி. கடைசியாக அவன் ஏரி வீட்டுக்கு வந்தபோது கொசு கடித்து இரண்டாம் நாளே மூட்டையைக் கட்டினான். அவனுக்குக் கொடுத்தாலும் மூன்றாம் நாள் விற்றுவிடுவான். அது உனக்கே தெரியும்.

ஏன் வானொலிக்கு என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மாவட்டச் சாலை ஆபீசில் இருபத்தாறு குளிர்காலம் வேலை பார்த்தேன். தினமும் காலையில் ரோட்டுப் பனியைத் தள்ளும் வண்டிக்காரர்களிடம் எந்த ரோடு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று கேட்டு, வானொலிக்குப் போன் பண்ணுவேன். நான் சொன்னதை அவர்கள் சொல்வார்கள், ஊரே அதைக் கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்கும். கம்பியெல்லாம் அறுந்து விழுந்த அந்தப் புயலில் ஒன்பது நாள் கரண்டு இல்லை. எந்தச் சர்ச்சில் அடுப்பு எரிகிறது, எங்கே சூப் கிடைக்கும் என்று பேட்டரி ரேடியோவில் சொன்னது அவர்கள் மட்டும்தான். விளம்பரம் போடுகிற மற்ற ஸ்டேஷன்களில் இப்போது மிஷின்தான் பாட்டுப் போடுகிறது. மனுஷன் உட்கார்ந்து பேசுகிற ஸ்டேஷன் நம் பக்கத்தில் இது ஒன்றுதான். அரசாங்கம் தருவதும் வருஷா வருஷம் தேய்ந்துகொண்டே வருகிறது.

இன்னொன்றும் உண்டு. ஆர்வோ போன பிறகு இந்த வீட்டில் காலையில் என்னிடம் முதலில் பேசுவது அந்தக் குரல்தான். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

போன வாரம் ஸ்டேஷனுக்குப் போனேன். நன்கொடைப் பகுதியைப் பார்க்கிறவர் பெயர் வென்டல் ட்ரெம்பத். ஐம்பது வயது, தங்கமான மனுஷன், ஆனால் சாவு என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது.

"அதாவது, மிசஸ் மத்திலா... உங்க... வருங்காலத்துல... எல்லாம் நல்லபடியா முடிஞ்ச பிறகு..." என்றார்.

"நான் செத்ததுக்கு அப்புறம்னு சொல்லுங்க வென்டல். எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன்.

அவர் வியர்த்துப் போய், தன் தண்ணீர் என்று நினைத்து என் காப்பியை எடுத்துக் குடித்துவிட்டார். பிறகு ஒரு அட்டையைக் கொடுத்தார். உயிலில் வானொலியை நினைக்க உத்தேசம் என்று அதில் பெயரும் விலாசமும் எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான். எழுதிக் கொடுத்தேன். "என் தம்பி சரி சொன்னால் மட்டும்" என்று கீழே ஒரு வரி சேர்த்தேன்.

"தம்பி சொல்லுவாருங்களா?" என்று கேட்டார்.

"சின்ன வயசுலேர்ந்து எதுக்கும் முதல்ல முடியாதுன்னுதான் சொல்லுவான்" என்றேன்.

வருகிற மாதம் நன்கொடை வாரம். நானும் போன் எடுக்கப் போகிறேன். எல்லோருக்கும் ஏலக்காய் ரொட்டி சுட்டுக்கொண்டு போக வேண்டும்.

யோசித்து எழுது.

அன்புடன் உன் அக்கா
ஐலி


மேசா
அக்டோபர் 29

அக்கா,

நலம். உன் நலம் எழுது. ரத்த அழுத்தத்தைப் பற்றிக் கேட்டாய். உன் கடிதம் வராத நாட்களில் நன்றாக இருக்கிறது.

யோசித்துப் பார்த்தேன். பதில் அதேதான். முடியாது.

அதற்குள் பனி விழ ஆரம்பித்துவிட்டதே, ஜாக்கிரதை. மேட்டு ரோட்டில் மரலாரி சறுக்கி அரை நாள் வழியை மூடிவிட்டார்களாம். அந்தப் பக்கம் வண்டியை எடுத்துக்கொண்டு போகாதே. பேப்பரில் பார்த்தேன்.

ரெய்னோ


மிஸ்கோ பொது வானொலி
மிஸ்கோ பே
நவம்பர் 8

மதிப்பிற்குரிய மிசஸ் மத்திலா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்பதை இந்த வாரம் நான் எவ்வளவு நன்றியோடு எழுதுகிறேன் என்று சொல்லி முடியாது.

நேற்று முன்தினம் நடந்தது முழுக்க என் தவறு. நன்கொடை வாரத்தில் ஒவ்வொரு அரைமணிக்கும், உயில் மூலம் எங்களுக்கு உதவி விட்டுச்சென்றவர்களின் பெயர்களை மரியாதையோடு வாசிப்பது எங்கள் வழக்கம். என் மேஜையில் இரண்டு கட்டு அட்டைகள் இருந்தன. ஒன்று அவர்களுடையது. இன்னொன்று தங்களைப் போல உத்தேசம் தெரிவித்தவர்களுடையது. கட்டுகளின் மேல் எது எது என்று எழுதிவைத்திருக்க வேண்டும். 'இறந்தவர்கள்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நாளைக்கு எழுதலாம் என்று இரண்டையும் வெறுமனே விட்டுவிட்டேன்.

அன்று காலை வாசித்தவர் கல்லூரிக்குப் புதிதாக வந்திருப்பவர். ஊரில் யாரையும் தெரியாது. கையில் கிடைத்த கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். "சமீபத்தில் நம்மைவிட்டுப் பிரிந்த ஐலி மத்திலா" என்று ஏழே கால் மணிக்கு வாசித்தார், நல்ல குரலில். அந்தக் கட்டில் இருந்த மற்ற நான்கு பேரும் உயிரோடுதான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு விஷயத்தில் தங்கள் யோசனை தேவை. பெயர் வாசித்த மூன்றாவது நிமிடம் அரிசோனாவிலிருந்து ஒருவர் போன் செய்தார். எங்கள் ஒலிபரப்பு கணினியிலும் கேட்கும். போனை எடுத்த பெண்மணி, நாங்கள் சொல்லிக்கொடுத்தபடியே, "உங்கள் துக்கத்தில் பங்குகொள்கிறோம். அவங்க நினைவா ஏதாவது கொடுக்க விரும்புறீங்களா?" என்று கேட்டுவிட்டார். அவர் சரி என்றாராம். பிறகு, "மாசாமாசம் எழுதிக்கோம்மா. நான் சாகறவரைக்கும் எழுதிக்கோ" என்றாராம். பெயரின் எழுத்துகளைச் சொல்லும்போது அழுதுவிட்டாராம்.

உண்மை தெரிந்ததும் நானே அவருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டு, நன்கொடையை ரத்து செய்யட்டுமா என்றேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார். எங்கள் படிவத்தில் இரண்டு கட்டங்கள்தான். ஒன்று, மறைந்தவர் நினைவாக. மற்றது, வாழ்கிறவரைப் பெருமைப்படுத்த. எதில் எழுதட்டும் என்று அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. தங்களைக் கேட்கிறேன்.

கொடுத்தவர் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் விதி. ஆனால் அரிசோனாவில் தங்களுக்கு நிறையப் பேரைத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

தலைகுனிவோடு,
வென்டல் ட்ரெம்பத்


மிஸ்கோ பே
நவம்பர் 11

அன்புத் தம்பிக்கு,

உன் அக்கா உயிரோடு, நலமாக, வயிறு நிறைந்து எழுதுவது.

இங்கே ஒரு வேடிக்கை. வானொலியில் அட்டை மாறிப்போய் நான் செத்துவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள். நான் அப்போது ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன், ரேடியோவைப் போடவில்லை. போனும் காலையிலிருந்து வேலை செய்யவில்லை. எட்டு மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் அடுத்த தெரு பெர்னிஸ் யூரன், கையில் துணி மூடிய தட்டு. யாரோ சொந்தக்காரர்கள் வந்திருப்பார்கள், அவர்களுக்காவது சாப்பிட ஏதாவது இருக்கட்டும் என்று கறியும் கிழங்கும் உள்ளே வைத்துச் சுட்ட பேஸ்டி கொண்டுவந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் தட்டைவிட வெள்ளை.

"ஐலி, நீ செத்துட்டியே" என்றாள்.

"எனக்குச் சொல்லலையே" என்றேன்.

அவள் உட்கார்ந்து அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு தான் கொண்டுவந்த பேஸ்டியில் இரண்டை அவளே சாப்பிட்டாள். மத்தியானத்துக்குள் சாவு வீட்டுக்கென்று சட்டியில் சுட்ட பதினொரு கேசரோல் வந்து சேர்ந்தது. அதில் ஒன்பது டூனா மீன். நான் செத்தால் இந்த ஊர் டூனாதான் கொண்டுவரும் என்று தெரிந்துவிட்டது, உயிலில் அதற்கும் ஒரு வரி எழுத வேண்டும். சாலை ஆபீசின் பழைய பனி வண்டிக்காரர்கள் நாலு பேர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு, கேசரோலைச் சுடவைத்து, என் சாவுக்கு நானே பந்தி போட்டேன். இத்தனை பேருக்கு என்மேல் பிரியம் என்று எனக்குத் தெரியாது. சந்தோஷமாக இருந்தது.

உனக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை. நீதான் அந்த வானொலியைக் கேட்பதே இல்லையே.

ஆமாம், மேட்டு ரோட்டில் லாரி சறுக்கியதை எழுதியிருந்தாய். அது நம்ம ஊர்ப் பேப்பரில்கூட வரவில்லை. மேசாப் பேப்பர் ரொம்ப நல்ல பேப்பர் போலிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
ஐலி


மேசா
டிசம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா? முழங்கால் எப்படி? வாசலில் பனி வாருவதற்கு ஆள் போட்டிருக்கிறாயா? நீயே வாராதே. போட்டிருக்கிறாயா என்று எழுது.

நீ செத்ததாகச் சொன்ன செய்தி எனக்குப் பிறகுதான் தெரியும். டொலோரெஸின் சித்தி மகள் யாரோ சொன்னாளாம். பொறுப்பில்லாத பசங்கள். நீ அதைச் சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறாய். சிரிக்கிற விஷயமா அது?

டாக்டரிடம் கடைசியாக எப்போது போனாய்? நெஞ்சு, சர்க்கரை எல்லாம் பார்த்தார்களா? எல்லாம் ஒன்று விடாமல் எழுது.

வீட்டு விஷயம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி
ரெய்னோ

பின்குறிப்பு: பனி வார ஆள்.


மேசா
டிசம்பர் 5

அன்பு அண்ணிக்கு,

டொலோரெஸ் எழுதுகிறேன். நான் நலம். உங்கள் தம்பி உடம்பளவில் நலம். இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது, தபால் ஆபீசுக்கு நானே நடந்து போகிறேன்.

என் சித்திக்கு மகளே கிடையாது, அண்ணி.

கணினியில் உங்கள் ஊர் ஸ்டேஷனைப் பிடிக்கலாம் என்று டேல் சொல்லிக்கொடுத்து பதினொரு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து தினமும் எங்கள் நேரம் ஐந்து மணிக்கு எழுந்து, காதில் மாட்டிக்கொண்டு, உங்கள் ஏழு மணிச் செய்தியைக் கேட்கிறார். பேப்பர் படிப்பதாகச் சொல்லிக்கொள்வார். பேப்பர் ஆறரைக்குத்தான் வரும். "மேட்டு ரோடு மூடிட்டாங்க டொலோரெஸ்" என்பார், தானே அதில் வண்டி ஓட்டிக்கொண்டு போகப் போவதுபோல. நாங்கள் கையில்லாச் சட்டையில் உட்கார்ந்து ஆரஞ்சு சாப்பிட்டுக்கொண்டிருப்போம். நான் கேட்டால், "சும்மா, காதுல விழுந்துச்சு" என்பார்.

அன்று காலையில் போனை வைத்துவிட்டு வந்து சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் என்ன கேட்டாலும் "முடியாதுன்னு எழுதிட்டேன், முடியாதுன்னு எழுதிட்டேன்" என்பதையே சொல்லிக்கொண்டிருந்தார். சாவுக்குக் கிளம்பக் கறுப்புக் கோட்டைப் பெட்டியில் வைத்தாயிற்று. உங்கள் வீட்டுக்குப் பத்துத் தடவை அடித்துப் பார்த்தேன், லைன் கிடைக்கவே இல்லை. அப்புறம்தான் வானொலிக்காரர் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவரை உங்கள் தம்பி திட்டின திட்டை நான் எழுத மாட்டேன். திட்டி முடித்துவிட்டு அவருக்கு நன்றியும் சொன்னார்.

இன்னொன்று. டேலுக்கு என்று அவர் சொல்வதெல்லாம் சாக்கு. ஏரி வீட்டுக் கூரையை எப்படி மாற்றுவது என்று படம் போட்டு வைத்திருக்கிறார். கோடைக்கு அங்கே வந்து இருக்க வேண்டும் என்று அவருக்கு வருஷக்கணக்காக ஆசை. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இப்போது எந்த முகத்தோடு கேட்பது என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார். வீட்டை நீங்கள் வானொலிக்குக் கொடுத்துவிட்டால் அங்கே தனக்கு வழியே இல்லை என்று நினைக்கிறார். எனக்கும் இந்த ஊர் ஜூலை மாதம் ஆகாது. கொசுவை நான் சமாளித்துக்கொள்வேன்.

நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

உங்கள் அன்பு
டொலோரெஸ்


மிஸ்கோ பே
டிசம்பர் 14

அன்புத் தம்பி ரெய்னோ,

நலம். டாக்டர் நெஞ்சு, சர்க்கரை எல்லாம் பார்த்தார். செத்தவளுக்கு இது நல்ல ரிப்போர்ட் என்கிறார். பனி வார ஆள் போட்டாயிற்று. பழைய வண்டிக்காரர்களில் ஒருவர் கேட்காமலே வந்து வாரிவிட்டுப் போகிறார். நீ நலமா? காலையில் சீக்கிரம் எழுந்திருக்காதே, வயசாகிறது, தூங்கு.

வீட்டு விஷயத்தை நான் விட்டுவிட்டேன். வக்கீல் ஏதோ சிக்கல் இருக்கிறது என்றார், என்ன சிக்கல் என்று எனக்குச் சரியாக விளங்கவில்லை. ஏரி வீடு உன் பேருக்கே போகட்டும். வானொலிக்கு என் சேமிப்பில் மிச்சம் இருப்பது போகட்டும், அது சின்னதுதான், ஆனால் வென்டல் சின்னதற்கும் வியர்த்துப்போகிறவர். அவரிடம் சொல்லிவிட்டேன். "பரவால்லீங்க மிசஸ் மத்திலா, தம்பி முக்கியம்" என்றார். முகம் மட்டும் சுருங்கிப் போனது. மலைமேல் இருக்கும் ஒலிபரப்புக் கோபுரத்தை மாற்ற வேண்டுமாம், அதற்கு ஏரி வீட்டை நம்பியிருந்தார்கள் போல.

எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். வருத்தம்தான். ஆனால் நீ இல்லாமல் போவதைவிட இது பெரிய வருத்தம் இல்லை.

கோடையில் யாராவது வந்து அந்தக் கூரையைப் பார்த்தால் நல்லது.

கிறிஸ்துமஸ் வாழ்த்து உங்கள் இருவருக்கும்.

உன் அக்கா
ஐலி


மேசா
ஜனவரி 3, 2015

என் அக்காவுக்கு,

நலம் கேட்டு எழுதுகிற இடத்தில் முதலில் மன்னிப்பு. நீ நலமா என்று பிறகு கேட்கிறேன்.

கூரையைப் பற்றி உனக்கு யார் சொன்னது என்று டொலோரெஸைக் கேட்டேன். எனக்கு எப்படித் தெரியும் என்றாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு. அடுப்பில் ஒன்றுமே இல்லை. உன் வக்கீலுக்கு ஒரு சிக்கலும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். நீ பொய் எழுதும்போது 'ஏதோ' என்று போடுவாய். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான்.

நான் கேட்கிறேன் அக்கா. அந்த வானொலியைப் பதினொரு வருஷமாகக் கேட்கிறேன். காணாமல் போன பூனைகூட எனக்குத் தெரியும், அது திரும்பி வந்துவிட்டது. ஊரைவிட்டு வந்த நாளில் இனி எனக்கு அது வேண்டாம் என்று எல்லோரிடமும் சொன்னேன். அதை எப்படித் திரும்ப வாங்குவது? அதனால் யாருக்கும் தெரியாமல் காதில் வைத்துக்கொண்டேன். அந்த வானொலியை நான் திட்டினது, அது வேண்டும் என்பதை மறைக்கத்தான். வீட்டுக்கு முடியாது என்றதும் அதற்குத்தான்.

அன்றைக்கு உன் பெயரைச் சொன்னார்கள். என் மனதில் வீடு வரவில்லை. அப்பா வரவில்லை. நான் உனக்குக் கடைசியாக எழுதின கடிதம்தான் வந்தது. முடியாது என்று எழுதி, பேப்பரில் பார்த்தேன் என்று ஒரு பொய்யும் எழுதியிருந்தேன். என் அக்காவுக்கு நான் கடைசியாகச் சொன்னது இதுதான் என்று தோன்றியது. நாற்பது நிமிடம் நீ இல்லாத உலகத்தில் இருந்தேன். நாற்பது நிமிடமும் உனக்கு ஒரு சரி சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் போனில் ஏதாவது கொடுக்கிறீர்களா என்று கேட்டதும், ஒன்றுக்காவது சரி சொல்லலாமே என்று சரி சொன்னேன். வென்டல் உனக்கு எல்லாம் எழுதியிருப்பார். அவர் பெயரைச் சொல்லாமல் விலாசத்தைச் சொல்கிற ரகம்.

ஆகவே இப்போது நீ உயிரோடு இருக்கும்போதே, படிக்கக் கண் இருக்கும்போதே எழுதுகிறேன். சரி. வீட்டை வானொலிக்கு எழுது. கையெழுத்துப் போடு. எனக்குக் கோடைக்கு எங்கேயாவது ஒரு அறை கிடைக்காமலா போகும்.

இப்போது கேட்கிறேன், நீ நலமா?

ரெய்னோ


மிஸ்கோ பே
ஜனவரி 20, 2015

அருமைத் தம்பி ரெய்னோவுக்கு,

நலம், நலம், நலம். முழங்காலுக்கும் நலம். உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன், பிறகு உட்கார்ந்து அழுதேன், பிறகு மிச்சமிருந்த டூனா கேசரோலை உறைபெட்டியிலிருந்து எடுத்துச் சுடவைத்துச் சாப்பிட்டேன். நல்ல செய்திக்கு அது ருசியாகத்தான் இருந்தது.

அன்றைக்கே வென்டலை அழைத்துக்கொண்டு வக்கீலிடம் போனேன். என் தம்பி சரி என்றுவிட்டான், ஆனால் அவன் வந்து தங்கவும் வேண்டும், இரண்டும் நடக்குமா என்று கேட்டேன். வக்கீல் சிரித்தார். "அதுக்கு வழி இருக்கே. நீங்க இருக்கறவரைக்கும் உங்களுக்கு. அப்புறம் தம்பி இருக்கறவரைக்கும் அவருக்கு, அவர் மனைவிக்கு. எல்லாருக்கும் அப்புறம்தான் வானொலிக்கு" என்றார். இதை முதலிலேயே கேட்டிருந்தால் செப்டம்பரிலேயே முடிந்திருக்கும். நாம் யார், முதலிலேயே கேட்கிற குடும்பமா.

உன் பெயரையும் டொலோரெஸ் பெயரையும் போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். வென்டல் சாட்சி. அந்த நன்கொடையை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றும் அவரிடம் சொல்லிவிட்டேன். வாழ்கிறவள் கட்டத்தில்.

வெளியே வந்ததும், "வென்டல், இப்ப மூணு பேர் சாகணும். உங்களுக்கு ரொம்ப நாள் ஆகும்" என்றேன்.

மனுஷன் கொஞ்ச நேரம் தன் பூட்ஸைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "நீங்க மூணு பேரும் சாகறதுக்கு எவ்வளவு நாள் வேணும்னாலும் எடுத்துக்குங்க மிசஸ் மத்திலா" என்றார். ஆமாம், அந்தச் சொல்லை அவரே சொன்னார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

ஜூனில் பனி முழுக்கப் போய்விடும். டொலோரெஸை அழைத்துக்கொண்டு வா. வானொலிக்காரர்களை ரொம்ப நாள் காக்க வைப்போம்.

உன் அக்கா
ஐலி